பாதியில் நிறுத்திய வசனம்

குவைத்தில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. ஒரே கூடத்தில் மலையாளிகள் ஆராதனை முடித்து வெளியே வருவார்கள், தமிழர்கள் உள்ளே போவோம், வாசலில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கிதாரோடு காத்திருப்பார்கள். ஜெபம் நீண்டால் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். ஊர்க் கோயிலில் ஞாயிறு மணி அடிக்கும்போது நான் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏ.சி. கழற்றிக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஊர் தரங்கம்பாடி. மனைவி எஸ்தர் மன்னார்குடியில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் விடுமுறையில் போயிருந்தபோது ஒரு பேச்சு தடித்து நான் கை நீட்டிவிட்டேன். அது முதல் தடவையும் அல்ல. நான் விமானம் ஏறிய வாரமே அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இங்கிருந்தபடியே நான் செய்த காரியத்தை, என்னைப் போல் குடும்பத்தை விட்டு வந்திருக்கிற சகோதரர்களுக்காக எழுதுகிறேன். மனைவி புருஷனை விட்டுப் பிரியக்கூடாது என்று வேதத்தில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருக்கிறாரே, அந்த இடத்தைக் காட்டி மன்னார்குடி போதகருக்குக் கடிதம் போட்டேன். அந்தச் சபையில் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே போதகரிடம் பேர் கொடுக்க வேண்டும். புருஷனோடு சமாதானம் ஆகும்வரை எஸ்தர் பேரைச் சேர்க்காதீர்கள் என்று எழுதினேன். அடித்ததை எழுதவில்லை. அவரும் பேரைச் சேர்க்கவில்லை. எல்லாரும் எழுந்து போய் முழங்கால் போடும்போது, பெண்கள் பக்கத்தில் அவள் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளாம். தெரிந்தவர் ஒருவர் போனில் சொன்னபோது, வசனம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் ஃபோர்மேன் எகிப்துக்காரர். மேடம் எங்கே என்று ஒரு நாள் கேட்டார். பிரிந்திருக்கிறாள் என்று தெரிந்த அரபியில் சொன்னேன். தலாக் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வேறு பெண் பார் என்றார். எங்களில் அது கூடாது, அவள்தான் என் மனைவி என்றேன். அப்படியானால் விசா எடுத்துக் கொடு, வரட்டும் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

போன லெந்து தவக்காலத்தில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. அதே பகுதி. பிரியக்கூடாது என்ற இடத்தில் நிறுத்தி, வேதத்தை மூடி, இந்தக் காலத்துப் பெண்கள் என்று விளக்கம் ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் ஸ்டெல்லா, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாகப்பட்டினத்துப் பெண்.

“அண்ணே, பவுல் இன்னும் மூச்சு விடல, அதுக்குள்ள மூடிட்டீங்களே. மிச்சத்தையும் வாசிங்க.”

சிலர் சிரித்தார்கள். வாசித்தேன். பிரிந்து போனவள் மறுகல்யாணம் செய்யாமல் தனியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் புருஷனோடு ஒப்புரவாகட்டும் என்று இருந்தது. அதற்கும் பின்னால், புருஷன் மனைவியைத் தள்ளிவிடக்கூடாது என்று. அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். அவள் என் வீட்டை விட்டுத்தான் போனாள். கர்த்தருடைய மேசையிலிருந்து அவளைத் தள்ளியது நான்.

போதகருக்கு மறுபடி எழுதினேன், அடித்ததையும் சேர்த்து. அந்த வாரமே அவள் பேரைச் சேர்த்துக்கொண்டாராம். பிறகு லீவு கிடைத்ததும் மன்னார்குடி போனேன். மாமியார் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வா என்றேன். அவள் கதவோரம் நின்றுகொண்டு பேசினாள்.

“எல்லாத்தையும் எழுதிட்டீங்கன்னு போதகர் ஐயா சொன்னாங்க. அந்த மட்டுக்கும் சந்தோஷம்ங்க. நானும் அந்த வசனத்தப் படிச்சேன். ஒப்புரவாகணும்னு இருக்கு. அதுக்கு முன்னால, தனியா இருக்கலாம்னும் இருக்கு. ரெண்டு வழி விட்டிருக்காரு. நான் இப்போதைக்கு மொத வழியில இருக்கேன்.”

நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

சாப்பிட்டுப் போங்க என்றாள். அந்த வீட்டில் வீட்டாருக்கு எவர்சில்வர் தட்டு, விருந்தாளிக்கு இலை. கல்யாணமான புதிதில் எனக்கும் இலைதான். பிறகு தட்டு வந்தது. அன்று கொல்லையில் இலை அறுத்துவந்து போட்டாள். சோறு, சாம்பார், அப்பளம், மோர் எதிலும் குறை வைக்கவில்லை. குவைத்தில் எத்தனையோ பேர் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறேன். அது இவ்வளவு கனக்கும் என்று தெரியாது.

சாப்பிட்டு முடித்து இலையை என் பக்கமாக மடித்தேன். உறவு தொடர வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் மடிப்பார்கள். எஸ்தர் அதைப் பார்த்தாள். இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். மறுநாள் எனக்கு விமானம்.