விதை மல்லாட்டை

ஆசிரியர்களுக்கான ஒரு புத்தகத்தை மதிப்பிட்டுத் தரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். செஞ்சி பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தேன். 'குழந்தைகள் நிலக்கடலையை உடைத்து எண்ணி மகிழட்டும்' என்று அதில் ஒரு செயல்பாடு. மகிழட்டுமாம்!

பக்கத்து சீட்டில் ஓர் அம்மா கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் சிங்கவரத்து வீடு நினைவில் வந்துவிட்டது.

நிலக்கடலை எங்களுக்கு மல்லாட்டை. விதைப்புக்கு முன் மூட்டை மூட்டையாக உடைப்போம். பருப்பு நசுங்கக் கூடாது என்பதால் விரலால்தான் உடைக்க வேண்டும். "சின்னது படிக்கட்டும்" என்று நைனா என்னை எழுப்பி அனுப்பிவிடுவார். அக்கா பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை உடைப்பாள்.

நான் நாலாவது, அக்கா ஐந்தாவது; இரண்டுக்கும் ஒரே அறை. "இன்னாடி கையெழுத்து இது? கையை நீட்டு" என்றார் சார் அக்காவிடம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் வெடித்திருந்தது. மல்லாட்டை உடைத்த கை என்று சொன்னால் என் விரலையும் பார்ப்பாரே என்று பேசாமல் இருந்தேன். என் விரல்கள் வழவழவென்று இருந்தன. வெடித்த இடத்திலேயே அடி விழுந்தது.

மறுநாள், "நீ போ, நான் வரல" என்றாள். அப்புறம் வரவேயில்லை.

மதிப்பீட்டுத் தாளில், 'இதில் குழந்தை கற்பது என்ன?' என்று ஒரு கட்டம். அக்காவைக் கேட்டால் சொல்லுவாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சாரிடம் சொல்லவும் வரவில்லை.