வாய்க்கால் தண்ணீர் குடித்த கார்

ஆவணி பிறந்தபிறகுதான் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. அந்த வாரம் நன்னிலத்திலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் எங்கள் பழைய கார் கொதித்து நின்றது. பக்கத்தில் என் மனைவி. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். நேரம் தப்பினால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும், அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

ரோட்டோர வாய்க்காலில் புதுத்தண்ணீர் கலங்கலாக ஓடியது. காவிரித் தண்ணீர், பயிருக்கும் மாட்டுக்கும் ஆவது காருக்கு ஆகாதா? எஞ்சின் ஆறியதும் பாட்டில் பாட்டிலாக மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினேன். டெல்டாக்காரன் திமிர், வேறென்ன. அன்று எப்படியோ போய்ச் சேர்ந்தோம். அடுத்த வாரம் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் சூடு காட்டும் ஊசி மறுபடி சிவப்பைத் தொட்டது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"தெர்மோஸ்டாட் மாட்டிக்கிச்சுண்ணே. கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? இல்லேன்னா வண்டிய விடுங்க, ரெண்டு நாள்ல தரேன்."

எனக்குச் சுருக்கென்றது. எறிவதற்கா கார் செய்தவன் அதை வைத்திருக்கிறான்? விடிந்தால் டயாலிசிஸ். முகூர்த்த நாளாம், வாடகைக் கார் ஒன்றும் இல்லை. புதுத் தெர்மோஸ்டாட்டும் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் வாங்கி வந்து நானே உட்கார்ந்தேன்.

ஆறிய ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்ததும் பேசினில் சேறு இறங்கியது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"நடவே நடலாம் போலருக்கே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் ஹோஸ் முடியும் இடத்தில் இரண்டு போல்ட். கழற்றினால் உள்ளங்கையளவு வால்வு, அதுதான் தெர்மோஸ்டாட், வண்டல் அப்பி இறுகிக் கிடந்தது. சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடவேண்டும், மதகு மாதிரி. புதியதை அடுப்பில் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்த்தோம். மெல்லத் திறந்தது. அப்பாடா என்றாள். ரேடியேட்டரைச் சுத்தமாக அலசிவிட்டு, புது ரப்பர் வளையத்தோடு அதை மாட்டி முடுக்கினேன்.

கூலண்டைக் கலந்து ஊற்றியதும் நிரம்பிய மாதிரிதான் இருந்தது. நான் நம்பவில்லை. பம்புசெட் வைத்திருப்பவனுக்குக் காற்று அடைத்துக்கொள்வது தெரியும். மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரையும் போட்டு, ஹோஸைப் பிசைந்துகொடுத்தேன். குபுக் குபுக்கென்று குமிழ் வந்து மட்டம் இறங்கியது. ஊற்றினேன். மறுபடி இறங்கியது.

"எவ்வளவு குடிக்குது," என்றாள்.

டாக்டர் சொல்படி அவளுக்கு நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். ரசம் ஊற்றிக்கொண்டாலும் அதில் கழிக்கவேண்டும். அவள் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டேன். கேனை உடம்பால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை ஊற்றினேன். ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்றதும் மூடியைப் போட்டுவிட்டு, தாகத்தோடு கொல்லைப்பக்கம் போனேன். வியாதி வந்த நாளிலிருந்து அவள் எதிரில் நான் தண்ணீர் குடித்ததில்லை.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். பின்சீட்டில் பெரிய பாட்டில் நிறையக் குடிதண்ணீர் வைத்திருந்தேன், ஒரு பயத்துக்கு. போன வாரம் நின்ற இடம் வந்தபோது இருவருமே டேஷ்போர்டைப் பார்த்தோம். ஊசி பாதியோடு நின்றது. நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன்.

அவள் இறங்கவில்லை.

"அந்தத் தண்ணி இனிமே வண்டிக்கு வேண்டாம்ல? நீங்க குடிங்க."

"அப்புறம் குடிக்கிறேன். நேரமாச்சு, எறங்கு."

"அப்புறம்னா, கொல்லைக்குப் போயா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இங்கயே குடிங்க. வயிறாரத் தண்ணி குடிக்கிற ஆளப் பாத்து எத்தனை நாளாச்சு."

பாட்டிலைத் திறந்து அண்ணாந்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தப் போனேன்.

"இன்னும்," என்றாள்.