கிரேன் புவனேஸ்வரியும் மஞ்சள் கையுறைக்காரனும்

அந்தக் காட்சி வந்துவிட்டால் புவனேஸ்வரியால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து போய் டிவிக்கு முன்னால் குத்துக்காலிட்டு அமர்ந்து, திரையில் விரலை வைத்து எண்ணத் தொடங்கிவிடுவார். மஞ்சள் கையுறை போட்ட நாயகன், உடைந்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு ஊரின் காய்கறிச் சந்தைக்கு மேலாகப் பறக்கிறான். கீழே நிற்கிற கூட்டம் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறது. புவனேஸ்வரி எண்ணுவது அந்தக் கூட்டத்தை.

"நாப்பத்தி மூணு பேரு. இத்தினி பேரு தலைக்கு மேல லோடு எடுத்துக்கினு போறான். இவனுக்குக் கைதட்டு வேற."

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் மேரி அக்காவின் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அங்கே நாங்கள் நான்கு பெண்கள் கூடுவோம். நால்வரும் சிப்காட்டில் ஒரே இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். மேரி அக்கா கேன்டீனில் சமையல். நசீம் பானு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பவள். பழவேற்காட்டுப் பெண், வரும்போது தாய்வீட்டு இறால் வறுவல் ஒரு டப்பா நிச்சயம் வரும். நான் அலுவலகத்தில் தட்டச்சு. புவனேஸ்வரி கிரேன் ஆபரேட்டர்.

நாங்கள் பார்ப்பது சூப்பர் ஹீரோ படம். அதுவும் பென் டிரைவில் இருக்கிற ஏழெட்டுப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்போம். தமிழில் குரல் கொடுத்த படங்கள். அவற்றின் ஆங்கிலப் பெயர் எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. மஞ்சக் கிளவுஸு ரெண்டாம் பார்ட்டு என்றால் போதும், மேரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்.

படம் இரண்டு மணி நேரம் ஓடினால் சண்டை மூன்று மணி நேரம் ஓடும். மேரி அக்காவுக்கு நாயகன் செய்வது எல்லாமே சரி. நல்ல மனசோடு செய்கிறவனிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. பானு எப்போதும் வில்லன் பக்கம். அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அவனைக் கேட்க ஆளில்லை என்பதற்காக அவன் கெட்டவனாகிவிட மாட்டான் என்று விடாமல் வாதாடுவாள். புவனேஸ்வரிக்கு இரண்டு கட்சியும் கிடையாது. யார் எதைத் தூக்கினான், எங்கே பிடித்தான், எங்கே கொண்டுபோய் வைத்தான் என்பது மட்டும்தான். ஓர் ஓடும் பேருந்தை நாயகன் நடுவில் ஒரே இடத்தில் பிடித்துத் தூக்கியதற்காக அந்தப் படத்தையே ஒன்றரை மாதம் பார்க்க விடாமல் செய்தவர் அவர். பேருந்து இரண்டாக மடிந்து உள்ளே இருப்பவர்கள் செத்துப்போயிருப்பார்கள் என்பது அவருடைய முடிவு. பேசும்போது அவர் கை இரண்டும் இல்லாத லீவர்களைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் நகரும். அவருக்கே அது தெரியாது.

தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடும் பெரிய கிரேன். அதில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டு அவருடைய இடம். ஐம்பத்திரண்டு இரும்புப் படி ஏற வேண்டும். ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒரு முழம் மல்லிகை இருக்கும். ஒரு தரம் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். அதற்காகக் காலையில் தண்ணீர்கூட அளந்து குடிப்பார். ஆறு வருடம் பேக்கிங்கில் கம்பிக்கட்டுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர். ஊரடங்கின்போது வடநாட்டு ஆபரேட்டர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட, யாராவது கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆண்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது இவர் கையைத் தூக்கினார். இன்றைக்கு இரண்டு டன் கம்பிக்கட்டை லாரியில் இறக்கினால், உள்ளே தூங்குகிற டிரைவர் விழிக்க மாட்டார். நான் பார்த்திருக்கிறேன்.

"தூக்கறத யாரு வேணா தூக்கலாம்மா. எறக்கறதுக்குத்தான் எனக்கு சம்பளம்" என்பார்.

மஞ்சக் கிளவுஸு ரெண்டாம் பார்ட்டை நாங்கள் பதினோராவது தடவை பார்த்தபோதுதான் புவனேஸ்வரி அந்த ஆளைக் கவனித்தார். நாற்பத்து மூன்று பேரில் ஒருவன் மட்டும் மேலே பார்க்கவில்லை. தொட்டி அவன் தலைக்கு நேர் மேலே போகிறது. அவன் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். திருப்பித் திருப்பி நான்கு முறை போடச் சொன்னார். துணை நடிகனுக்கு டைரக்டர் சொல்ல மறந்திருப்பார் என்றார் மேரி அக்கா. பானு வேறு மாதிரி சொன்னாள். பறக்கிறவன் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை, அதனால்தான் பார்க்கவில்லை என்றாள். அன்றைக்கு புவனேஸ்வரி இறாலைத் தொடவில்லை. சீக்கிரமே எழுந்து கவரைப்பேட்டை வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டார்.

அடுத்த புதன்கிழமை முதல் ஷிப்ட். கிரேன் வழக்கமாகக் கம்பிக்கட்டைக் கொண்டுபோகிற காலிப் பாதையில், இடமில்லாமல் ஒரு லாரியை நிறுத்தியிருந்தார்கள். சரக்கு வேறொரு லாரியில் ஏறியாக வேண்டும். கட்டு கட்டுகிறவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு மேலாகவே குறுக்கே கொண்டுவரச் சொல்லி சூபர்வைசர் ஜெயராஜ் கையைக் காட்டினார். கீழே மூன்று பேர். அதில் ஒருவர் ஏழுமலை. இருபது வருடமாகக் கட்டு கட்டுகிறவர், பள்ளிப்பட்டுக்காரர்.

புவனேஸ்வரி கட்டைத் தூக்கினார். ஓர் ஆள் உயரம் வந்ததும் நிறுத்திவிட்டு மணி அடித்தார். மூன்று பேரும் நகரவில்லை. மணி அடிப்பது ஒரு பழக்கம், நகராமல் இருப்பதும் ஒரு பழக்கம். இன்னொரு முறை அடித்தார். ஜெயராஜ் கீழிருந்து வேகமாகக் கையை வீசினார். ஏழுமலை குனிந்த தலை நிமிராமல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். புவனேஸ்வரி எடுத்த இடத்திலேயே கட்டை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்துக் கையைக் கட்டிக்கொண்டு கூண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது நிமிடம். அந்த லாரியின் டிரைவரைத் தேடிக் கண்டுபிடித்து வண்டியை நகர்த்திப் பாதையைக் காலி செய்த பிறகுதான் கிரேன் மறுபடி நகர்ந்தது. சரக்கு ஏறி முடிவதற்குள் கம்பெனி பஸ் போய்விட்டது. அன்று மாலை ஏழுமலையின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர் திருவள்ளூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பள்ளிப்பட்டு சேர்ந்தபோது வந்தவர்கள் காத்திருந்து திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் கிரேன் ஏணிக்குக் கீழே வந்து நின்று, இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே மெமோ. உத்தரவை மீறியது, உற்பத்தியை நிறுத்தியது. மூன்று வேலை நாளில் விளக்கம் தராவிட்டால் பழைய பேக்கிங் பிரிவுக்கு மாற்றம். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. அந்த மெமோவைத் தட்டச்சு செய்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மேரி அக்கா வீட்டில் அதை நானே சொல்லிவிட்டேன். புவனேஸ்வரி மெமோவை எடுத்து இன்னொரு தரம் படித்தார்.

"பரவால்ல. எம்பேர எழுத்துத் தப்பு இல்லாம அடிச்சிருக்க" என்றார்.

அன்று படம் போடவில்லை. மெமோவை நடுவில் வைத்துப் பேசினோம். மேரி அக்கா, ஒரு வரி மன்னிப்பில் என்ன குறைந்துவிடப் போகிறது, கிரேன் வேலை முக்கியமா வீம்பு முக்கியமா என்று கேட்டார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.  பானு எழுந்து போய் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நான்தான் ஜெயராஜி. கேக்கறேன், பதில் சொல்லு" என்றாள்.

மாலை ஆறு மணி வரை அவள் இறங்கவில்லை. எல்லா வில்லன்களுக்காகவும் வாதாடிப் பழகிய வாய். லாரி நின்ற பாதைக்கு யார் பொறுப்பு, கட்டைத் தூக்குகிற ஸ்லிங் கயிற்றில் ஏதாவது பழுது இருந்ததா, அன்று ஏதாவது விழுந்ததா என்று குடைந்தாள். எல்லாவற்றுக்கும் புவனேஸ்வரியிடம் பதில் இருந்தது. கடைசியாக பானு குரலைத் தாழ்த்திக் கேட்ட ஒன்றுக்கு மட்டும் இல்லை.

"இதுக்கு மின்னாடி எத்தினி வாட்டி அப்பிடிக் கொண்டுபோயிருக்க? அப்பல்லாம் இன்னா பண்ண?"

புவனேஸ்வரி மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. நடந்ததை மட்டும் ஏழு வரியில் எழுதிக் கொடுத்தார். விசாரணை வைத்தார்கள்.

மேலாளர் அறையில் விசாரணையைக் குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். சினிமாவாக இருந்தால் இதற்குள் ஒரு கயிறு அறுந்து, புவனேஸ்வரி சொன்னது சரியென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எதுவும் அறுந்து விழவில்லை. கயிறுகளைச் சோதித்துப் பார்த்ததில் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஜெயராஜ் அதைத்தான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. லாரி போகவில்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவர் அவரைக் கேட்பார். பானு கேட்ட கேள்விகளை ஏறக்குறைய அதே வரிசையில் கேட்டுக்கொண்டே வந்து, அந்தக் கேள்விக்கும் வந்து சேர்ந்தார். நூறு தடவை அப்படி ஆட்களுக்கு மேலாகப் போன ஆபரேட்டர் அன்றைக்கு மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?

மேலாளர் அதற்குப் பதில் வாங்குவதற்கு முன் சாட்சிக்கு வந்திருந்த ஏழுமலையிடம் திரும்பி, தலைக்கு மேல் லோடு போகும்போது நீங்கள் மேலே பார்க்க மாட்டீர்களா என்று கேட்டார். ஏழுமலைக்குக் கோபம் ஆறவில்லை. புவனேஸ்வரி பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மத்தவங்க ஓட்டுனா பாப்பேன் சார். இது ஓட்டுச்சின்னா பாக்க மாட்டேன். எதுக்குப் பாக்கணும்?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் புவனேஸ்வரியைப் பார்த்தேன். நான்கு வருடமாக அந்தக் கூண்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். கொடுத்தவருக்கு அது பாராட்டு என்றே தெரியாது. புவனேஸ்வரியின் முகம் சிவந்தது. கண் நிறைந்து, நிறைந்த அளவிலேயே நின்றது. எழுந்து நின்றுகொண்டார்.

"ஜெயராஜ் சார் கேட்டது சரிதான் சார். நூறு வாட்டி போயிருக்கேன். இவரு தலைக்கு மேலயே போயிருக்கேன். அது என் தப்பு. அதுக்கு மெமோ குடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். நிறுத்துனதுக்குக் குடுத்தத வாங்கிக்க மாட்டேன்."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நிறுத்தியதற்கான மெமோ ரத்து. கிரேன் பாதையில் இனி எந்த வண்டியும் நிற்கக் கூடாது. ஆபரேட்டர் மணி அடித்தால் கீழே ஆள் விலகும் வரை லோடு நகரக் கூடாது. அதை மீறச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. இதற்கு முன் ஆட்களுக்கு மேலாக லோடு கொண்டுபோனதற்காக ஆபரேட்டருக்கும் சூபர்வைசருக்கும் எழுத்துமூலம் எச்சரிக்கை.

எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் படியிறங்கிய ஆளை இத்தனை வருட அலுவலக வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். பகல் சாப்பாட்டில் மேரி அக்கா யாருக்கும் தெரியாமல் அவர் தட்டில் இரண்டு முட்டை வைத்தார். பானு, தான் கேட்ட கேள்விகளைத்தான் ஜெயராஜ் கேட்டார் என்பதை ஸ்டோருக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுவாரம் பாதை ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டார்கள். இப்போது மணி அடித்தால் ஆட்கள் விலகுகிறார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனால் விலகுகிறார்கள். பக்கத்துப் பிரிவில் ஓட்டும் இரண்டு ஆண் ஆபரேட்டர்கள், தங்களுக்கும் அந்த உத்தரவின் நகல் வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டு வாங்கிக் கூண்டில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஏழுமலை மட்டும் பேசவில்லை. திரும்பிப் போன பெண் பார்க்கிற கூட்டம் பிறகு ஒருநாள் வந்து, சம்மதம் சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி. அப்போதும் பேசவில்லை. வேலையில் கைச்சைகை காட்டுவார், அவ்வளவுதான். புவனேஸ்வரியும் தானாகப் போய்ப் பேசவில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது, அது தீரும் வரை தீரட்டும் என்று எங்களிடம் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி இருக்கும். புதிதாகக் கிடைத்த ஒரு படத்தை ஒரு மணி நேரம் பார்த்திருந்தோம். பானு அதற்குள் வில்லனுக்கு வக்கீலாகிவிட்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம். ஏழுமலை நின்றுகொண்டிருந்தார், வெள்ளைச் சட்டை, கையில் காராசேவு பொட்டலம். பஸ்சுக்கு நேரமிருக்கிறது, இந்தப் பக்கமாக வந்தேன் என்று மேரி அக்காவைப் பார்த்துச் சொன்னார். பள்ளிப்பட்டு பஸ்சுக்கு அந்தப் பக்கமாக வரவே வேண்டாம். உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்து, சிறிது நேரம் திரையையே பார்த்தார்.

"ஏம்மா, இவன் யாரு? எதுக்கு இவனப் போட்டு அடிக்கறாங்க?" என்று கேட்டார். யாரையும் குறிப்பிடாமல் கேட்டாலும் முகம் புவனேஸ்வரி பக்கம் இருந்தது.

புவனேஸ்வரி மேரி அக்காவின் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து, எங்கள் யாரையும் கேட்காமல், படத்தை முதலிலிருந்து போட்டார்.