துக்கம் கேட்கப் போன இடம்

இந்த நாட்டில் துக்கம் கேட்பதற்குக் கடையில் அட்டை விற்கிறார்கள். பிறந்தநாள் வாழ்த்துகளுக்குப் பக்கத்து அடுக்கிலேயே, கறுப்பு ஓரம் போட்டு, ஆறுதல் வாசகத்தையும் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தால் கடமை முடிந்தது. மியூனிக் பக்கம் வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கூட வேலை செய்தவரின் தாயார் இறந்ததைக் கேள்விப்பட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய், நம் வழக்கப்படி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். நான் ஏதோ இரவல் கேட்டு வந்திருப்பதாக நினைத்து அவர் ஸ்பானர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தேன்.

ஆரணியில் துக்கம் கேட்காமல் விட்டவனை யாரும் மன்னிப்பதில்லை. கல்யாணத்துக்கு வராதவனுக்கு ஆயிரம் சமாதானம் உண்டு. சாவுக்கு வராதவனுக்கு ஒன்றும் கிடையாது. சேதி காதில் விழுந்தால் கிளம்பிவிட வேண்டும். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், ஆண்கள் துக்க வீட்டார் கையைத் தொடுவார்கள். இதில் என் அக்கா கன்னியம்மா மிகவும் கறார். ஆரணியில் பள்ளிக்கூட டீச்சர். பஸ்ஸில் வரும்போது வழியில் பந்தல் கண்ணில் பட்டால்கூட, தெரிந்தவர் வீடாக இருக்குமோ என்று விசாரிக்காமல் விடமாட்டாள்.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஃபிட்டராக இருந்த என்னைக் கம்பெனி இங்கே பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்தது, நான் திரும்பவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி முழுகாமல் இருந்தபோது, பிரசவத்துக்கு உதவியாக அக்கா லீவு போட்டுவிட்டு விமானம் ஏறி வந்தாள். வந்த வாரமே கடைத்தெருவில் அம்புக்குறி போட்ட ஒரு பலகையைக் காட்டி, அது என்ன இடம் என்று கேட்டாள். யுத்த காலத்து முகாம், ஆயிரக்கணக்கான பேரை அடைத்து வைத்துச் சாகடித்த இடம், இப்போது நினைவிடமாக வைத்திருக்கிறார்கள் என்றேன். நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றாள். நடந்தே போகலாம் என்றேன்.

"இவ்ளோ கிட்ட இருந்துகினு ஒரு தபா கூடப் போய் கேக்கலியாடா?" என்றாள்.

யாரிடம் கேட்பது என்றேன். அது அங்கே போனால் தெரியும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அக்கா சாதாரண நூல் சேலை கட்டி, அதன் மேல் என் ஓவர்கோட்டைப் போட்டிருந்தாள். பூ வைக்கவில்லை. பெரிய மைதானம், சரளைக்கல். கொட்டகைகள் இருந்த இடங்களில் அஸ்திவார அடையாளம் மட்டும் வரிசையாக இருந்தது. கடைசியில் பிணங்களை எரித்த அடுப்புகள், மேலே புகைபோக்கி. நெல் அவிக்கும் மில்லை அண்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. புகைபோக்கி எதற்கு என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா அங்கே நெடுநேரம் நின்றாள். பிறகு, துக்க வீட்டார் யார் என்று கேட்டுவரச் சொன்னாள்.

வாசல் அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் என் ஜெர்மனில், இங்கே இறந்தவர்களின் உறவினர் யாராவது உண்டா என்று கேட்டேன். அவள் எழுந்து எங்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள், இறந்தவர் எங்களுக்கு என்ன உறவு என்று மெல்லக் கேட்டாள். எங்களையே துக்க வீட்டார் என்று நினைத்துவிட்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரம்மா ஃப்ராவ் ஹூபர் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டிலேயே பிறந்து அறுபது வயதானவர். எங்கே போய் வருகிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டார், சொன்னேன். அவர் முகம் இறுகியது. அந்த ஊரில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. வெளிநாட்டானுக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, மனைவிக்கோ ஏழு மாதம். சட்டென்று மேலே போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அக்கா, இவர் இந்த ஊர்க்காரர்தானே என்று என்னிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, அவருடைய ஈரக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"உங்க ஊர்ல இவ்ளோ சாவு வுழுந்துதேம்மா" என்றாள்.

மொழிபெயர்த்தேன். ஃப்ராவ் ஹூபர் கையை இழுத்துக்கொண்டு, எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

"மில்லுக்காரரும் இதையேதான் சொன்னாரு" என்றாள் அக்கா. "அப்பிடியே சொல்லுடா அவங்களுக்கு."

நெல் தொட்டிச் சுவர் சரிந்து எங்கள் அப்பா செத்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் குடியிருப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே. மில்லுக்காரரும் கணக்கரும் ரோட்டு மேலேயே நின்றார்கள். எங்கள் தெருவுக்குள் கால் வைக்கவில்லை. ஊரிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. சுவர் விரிசல் விட்டிருந்தது தனக்குத் தெரியாது என்றார் மில்லுக்காரர். தன் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் அந்தச் சுவரோரம் விளையாட விடமாட்டார்.

அக்கா உங்களுக்கு நன்றி சொல்கிறாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளைகள் விஷயம் உட்பட. ஃப்ராவ் ஹூபர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த வாரம் முழுவதும் என் காலை வணக்கத்துக்குப் பதில் இல்லை. பேப்பரில் வாடகை வீட்டு விளம்பரம் பார்க்க ஆரம்பித்தேன். அக்காவின் பேஜாரால் பிள்ளையைத் தெருவில்தான் பெறவேண்டும் என்றாள் மனைவி. அக்கா நிம்மதியாகக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த ஞாயிறு ஃப்ராவ் ஹூபர் மேலே வந்தார். கறுப்புக் கோட்டு. வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினார். யுத்த காலத்தில், காற்று முகாம் பக்கத்திலிருந்து வீசும் நாட்களில் என் அம்மா ஜன்னல்களைச் சாத்திவிடுவார் என்றார். ஏன் என்று நான் கேட்டதில்லை. துணியையும் உள்ளேதான் உலர்த்துவோம். இவ்வளவுதான். சொல்லிவிட்டு, இதை மாற்றாமல் சொல் என்று எனக்கு உத்தரவிட்டார். சொன்னேன்.

பிறகு அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். படியில் அக்கா பிடித்த மாதிரியே பிடிக்கத் தெரியவில்லை. உள்ளங்கையை மேலே வைத்து நீட்டினார். உங்கள் அப்பா பெயர் என்ன என்று கேட்டார்.

"முனுசாமி" என்றாள் அக்கா. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மேல் மாடிக்காரர்கள் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்து பார்க்கிற அளவுக்கு அழுதாள். அப்பா செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் தெரு ஆட்களைத் தவிர்த்து அவருக்காகத் துக்கம் கேட்ட முதல் ஆள் இந்தம்மாதான்.

எனக்கு அழுகை வரவில்லை, வேலை இருந்தது. அழுகைக்கு நடுவே அக்கா அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில் சொன்னேன். அந்தம்மா முகாமைப் பற்றிச் சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னேன். ஒரு கட்டத்தில் தடுமாறி, அக்காவிடம் ஜெர்மனிலும் அந்தம்மாவிடம் தமிழிலும் பேசிக்கொண்டிருந்தேன். இருவரும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.