வேரோடு பிடுங்கச் சொன்ன ஆக்னஸம்மா

ரிச்சர்ட்ஸ் டவுன் பேக்கரி வாசலில் நான் நின்றிருந்தபோது ஆக்னஸம்மாவின் மகன் ஜோசப் போன் செய்தான். "மாமா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." மழை நின்றதும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முந்தின ஞாயிறுதான் ஆக்னஸம்மா என்னை மிரட்டியிருந்தார். அவரை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். தலை நரைத்தபின் எழுதப் படிக்கக் கற்றவன் நான், மெதுவாகத்தான் வருகிறது. வருகிறதே, அதுவே சந்தோஷம்.

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருக்காரர் அவர். பள்ளிக்கூட ஆயா வேலையில் ஓய்வு பெற்றவர். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் யாரோ வேலிக்கு வைத்த சுபாபுல் மரம், விதை விழுந்து விழுந்து காடாகிவிட்டது. தங்கவயல் சுரங்கத்தில் பாறை உடைத்தவன் நான். என் மனைவி செல்வத்தின் கல்லறையை ஒரு வேர் பிளப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றேன். "என்னண்ணா, மரத்துக்கே எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார் ஆக்னஸம்மா. மறுநாளே ஆள் திரட்டினார்.

முதலில் தப்புச் செய்தோம். மரங்களை வெட்டி, முற்றிய காயோடு மதிலோரம் குவித்தோம். மழைக்குப் பிறகு வெட்டிய அடியெல்லாம் துளிர்த்தது. மதிலோரம் கீரைப்பாத்தி போலக் கன்றுகள். நாங்கள் தலையில் கை வைத்தோம், அவர் சிரித்தார். "நாமளே நாத்து விட்டுட்டோம்." அதன்பின் காயைப் பச்சையிலேயே பறித்தோம், கன்றை வேரோடு பிடுங்கினோம்.

மரங்களை அழிக்கிறோம் என்று பக்கத்து அபார்ட்மென்டில் புகார் செய்தார்கள். அதிகாரி வந்தார். "சார், இது மர அல்ல, களெ" என்று கன்னடத்தில் சொல்லி, செல்வத்தின் கல்லறைப் பிளவைக் காட்டினார் ஆக்னஸம்மா. பெரிய மரத்துக்கு அனுமதி வேண்டும், கையால் வருகிற கன்றைப் பிடுங்கலாம் என்றார் அதிகாரி. நிழல் போய்விடுமே என்று எங்கள் கல்லறைத் தோட்டக் கமிட்டி செயலாளர் இழுத்தார். "நிழலுக்கு வேம்பு வைக்கலாம். இது வாடகைக்கு வந்து வீட்டையே புடிச்சுக்கிற மரம்" என்றார் ஆக்னஸம்மா.

அனுமதி இன்னும் வரவில்லை. அவர் காத்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வருகிறவர்கள் ஒரு பிடி மண் போட்டபின் ஒரு கன்றையாவது பிடுங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டார். துக்க வீட்டார் சிலர் திட்டினார்கள், திட்டிக்கொண்டே பிடுங்கினார்கள். புதர் குறைந்து செல்வத்தின் பெயர்க்கல் வெளியே தெரிந்தது. அதிலிருந்த பெயரை யார் உதவியும் இல்லாமல் நானே வாசித்தேன். ஆக்னஸம்மா என்னை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அவரது அடக்கம் முடிந்ததும் எல்லோரும் தயங்கி நின்றோம். "இன்னிக்கு வேணாமே" என்றார் செயலாளர் மெல்ல.

"இன்னிக்குத்தான்" என்றேன்.

சேதி கேட்டுப் பொம்மசந்திரா தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்திருந்த ஜோசப், வெள்ளைச் சட்டையோடு முதலில் குனிந்தான். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். செயலாளர் இழுத்த கன்று பாதியில் அறுந்தது. "அது திரும்ப வரும் சார், நோண்டி எடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அந்த இடத்திலும் சிரித்தோம்.

"ஈரத்துல வாங்க, அடியில புடிங்க. வேர் வரலைன்னா எதுவும் வரலை" என்பார் ஆக்னஸம்மா. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தப் பேச்சுதான். நேற்று மழை விட்டதும் போனேன். அவர் கல்லறை மேட்டின் மேலேயே ஒரு சுபாபுல் கன்று தலை நீட்டியிருந்தது. என்ன துணிச்சல் அதற்கு! அடியில் பிடித்தேன். முழு வேரும் வந்தது.