ஈரமாக இருந்தால் எடுக்க மாட்டோம்

தார்ரோட்டில் பரப்பிய நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே அண்ணி நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பஸ் வந்தால் ஒதுங்குவார். போனதும் மறுபடி இறங்குவார். அண்ணன் சிங்கப்பூரில் இருந்ததால், வேதாரண்யம் பக்கத்தில் இருந்த எங்கள் நிலம் முழுக்க அவர் பொறுப்பு. நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தர்க்கம் கற்பிக்கச் சேர்ந்த புதிது. விடுமுறைக்கு வந்தவன், ஓரமாக நின்று யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு முதலில் கொண்டுபோனபோது, அங்கிருந்த எழுத்தர் ஈரம் பார்க்கும் கருவியில் ஒரு பிடி போட்டுப் பார்த்துவிட்டு, "ஈரமா இருந்தா எடுக்க மாட்டோம்மா" என்று திருப்பி அனுப்பியிருந்தார். அதற்காகத்தான் ரோட்டில் இப்படிக் காயவைத்தது. நன்றாகக் காய்ந்தபின் மறுபடி கொண்டுபோனோம். ஈரம் இல்லை என்று எழுத்தரே ஒப்புக்கொண்டார். ஆனால் நெல் பிடிக்கச் சாக்கு இல்லையாம். நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். சாக்கு எப்போது வரும் என்று கேட்டோம். "வந்தா வரும்மா, வராட்டி வராது" என்றார். எந்நிலையிலும் மெய்யான கூற்று என்று நான் வகுப்பில் நடத்துவது இதைத்தான். மழை பெய்தாலும் அது உண்மை, வெயில் அடித்தாலும் உண்மை. எதையுமே சொல்லாததால் அது பொய்யாக வழியில்லை.

காயவைத்தால் எடுப்பதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று அண்ணி கொதித்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஈரமாக இருந்தால் எடுக்க மாட்டோம் என்றுதான் அவர் சொன்னார், காய்ந்திருந்தால் எடுப்போம் என்று சொல்லவில்லை, முதலாவதிலிருந்து இரண்டாவது வராது என்று விளக்கினேன். நெல்லில் ஈரமே இல்லாதபோது, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர் வாக்கியம் மெய்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். களத்தில் கொட்டிய குவியலை மூட, அண்ணி தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"அப்ப எதுக்குத் தம்பி அத நம்மகிட்டச் சொல்லணும்?"

நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

மழை வந்தது. மேலே விழுந்ததைத் தார்ப்பாய் தடுத்தது. களத்தில் ஓடிவந்து அடியில் புகுந்ததை யார் தடுப்பது? சாக்கு லாரி வந்து சேர்ந்தபோது குவியலுக்குள் கைவிட்டால் சூடாக இருந்தது, அடிநெல் முளைவிட்டிருந்தது. எழுத்தர் கருவியைப் பார்த்தார். அவர் குரலில் கடுமை இல்லை, வருத்தம்கூட இருந்தது.

"ஈரமா இருந்தா எடுக்க மாட்டோம்னு அன்னைக்கே சொன்னேனேம்மா."

சொன்னார்தான். காய்ந்திருந்தபோது எடுக்கவில்லை, நனைந்தபோதும் எடுக்கவில்லை, ஒரு தடவைகூடச் சொன்ன சொல் தவறவில்லை. இன்றைக்கும் கரும்பலகையில் 'இருந்தால்' வாக்கியத்துக்கான மெய் அட்டவணையைப் போட்டு, முன்பாதி பொய்யாகும் வரிகளுக்கு நேரே 'மெய்' என்று எழுதும்போது முளைவிட்ட அந்த நெல்தான் கண்முன் வருகிறது. எழுதுகிறேன், மதிப்பெண்ணும் போடுகிறேன். கணக்கு அப்படித்தான்.

அடுத்த குறுவைக்கும் நான் கூடப் போயிருந்தேன். அண்ணி ஒரு மணி நெல்லைக்கூட இறக்க விடவில்லை. எழுத்தர் டிராக்டருக்கே வந்து ஈரம் பார்த்தார். சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, களத்தில் இடம் காட்டினார்.

"இன்னைக்கு எடுப்பீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க சார்" என்றார் அண்ணி.

எழுத்தர் வானத்தைப் பார்த்தார். சாக்கு மட்டும் வந்துவிட்டால் என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் அண்ணி டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, கூடத்தில் இருந்த கட்டிலையும் பீரோவையும் வாசலுக்குத் தள்ளிவிட்டு நெல்லை அங்கே கொட்டினோம். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. சாக்கு வந்துவிட்டதாகச் செய்தி வரும்வரை அண்ணன் பிள்ளைகளோடு அடுப்படியில் நெருக்கியடித்துப் படுத்தோம். கட்டில் நனைந்து ஊறிப்போயிற்று. நெல் நனையவில்லை.