ஓடைப்பட்டியில் ஒரு பேஸ்பால் தாள்

மாவட்டப் பெண்கள் பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு மைதானத்தில் நடப்பதாகத் தகவல் வந்தது. என் மகள் பவித்ரா கல்லூரி முதலாம் ஆண்டு. இந்த ஒரே ஆட்டத்தை வைத்துத்தான் பட்டியல் போடுவார்களாம். அதனால் போன பிப்ரவரி கடைசி ஞாயிறு இரண்டு பேரும் அல்லிநகரத்தில் இருந்து கிளம்பினோம். பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்தது, அது கிரிக்கெட் இல்லை என்பது மட்டும்.

தேனியில் காலை 6.10 பஸ். சின்னமனூர் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஏழு மணிக்கு இறங்கி இட்லி சாப்பிட்டோம், ஆளுக்கு நாற்பது ரூபாய். அங்கிருந்து ஆட்டோ 250. வழியெல்லாம் திராட்சைப் பந்தல். ஓட்டுநர் என் மடியில் இருந்த பவித்ராவின் மட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னண்ணே, உலக்கையத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீக?”

“பேஸ்பால் மட்டை தம்பி.”

“யாரு, நீங்களா ஆடப் போறீக?”

பவித்ரா என் தொப்பையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மைதானம் வரை ஓயவில்லை.

ஆட்டம் 8.30க்குத் தொடங்கியது. மற்ற பிள்ளைகள் வந்த பந்தையெல்லாம் விளாசினார்கள். என் மகளோ மட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றாள்; பிறகு மட்டையைப் போட்டுவிட்டு எதற்கோ நடந்து போனாள். எனக்குக் கிரிக்கெட் ரத்தம் கொதித்தது. “அடி ஆத்தா! ஏன் விடுற?” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பதினொரு மணிக்கு ஆட்டம் முடிந்தபோது அவள் ஒரு அடிகூட அடித்திருக்கவில்லை.

இனி சொல்வது வெட்கக்கேடு. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த வடுகபட்டி செல்வி அக்காவிடம் மெல்லப் போனேன். “என் மக பேருக்கு நேரா ஒரே ஒரு அடி மட்டும் போட்டுவிடுங்களேன்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “இங்கன வந்து பாருங்கண்ணே” என்று தாளைத் திருப்பினார். வரிசை வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் மைதானம் மாதிரியே சின்னச் சின்ன வைர வடிவங்கள், ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு பந்து. அடிக்கத் தோதான எல்லைக்கு வெளியே வரும் பந்து நான்கை அடிக்காமல் விட்டால், ஓட வேண்டிய முதல் முனையான முதல் பேஸுக்குச் சும்மாவே நடந்து போகலாமாம்; எல்லா முனையும் சுற்றி வந்தால் ஒரு ரன்.

“உங்க மக நாலு தடவ ஆட நின்னா, அதுல மூணு தடவ பேஸுக்குப் போயிட்டா. அதுல ரெண்டு ரன்னு. மத்த பிள்ளைகளுக்குத் தடவைக்கு மூணு பந்து, நாலு பந்து. இவ ஒருத்திக்கே நாலு தடவையில இருபத்திரெண்டு பந்து போட்டு எறியிறவளுக்குக் கை ஓஞ்சுபோச்சு. அதுக்குப் பெறகுதான் உங்க அணி அஞ்சு ரன் எடுத்துச்சு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தவன் நான். நான் பார்க்காத ஆட்டம் முழுவதும் ஒரே தாளில் இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தாறு வாங்கிய எனக்கே அது ஓடுகிற படம் மாதிரி தெரிந்தது.

“இந்தக் கட்டம் என்னக்கா?”

“அது அவுட்டு. ரெண்டு நல்ல பந்த விட்டுட்டு, மூணாவதா ஆகாத பந்துக்குப் போயி மட்டைய வீசித் தப்பவிட்டா.”

பின்னால் வந்து நின்ற பவித்ரா, “நீங்க கத்துன கத்துக்குத்தாம்ப்பா அந்த ஒண்ண வீசுனேன்” என்றாள்.

“அப்ப அந்த அவுட்ட என் பேர்ல எழுதிருங்கக்கா.”

“ஆடாதவக பேரு தாளுல வராதுண்ணே.”

பன்னிரண்டரைக்குப் பட்டியல் வாசித்தார்கள். ஏழாவது பெயர் அவளுடையது.

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், நிழல் கிடையாது. திரும்பிவர ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள். நாங்கள் முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்தோம். அந்தக் காத்திருப்பில், அடுத்த ஆட்டத்துக்கும் வரட்டுமா என்று மகளிடம் பயந்துகொண்டே கேட்டேன்.

“வாங்கப்பா. வேலிப் பக்கம் வேணாம், செல்வி அக்கா பக்கத்துல உக்காந்து பாருங்க.”